முன்னிலை முதலில்

என் தங்கை மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு ஓடி வந்து, "உன்னைத் தூக்கு" என்பாள். பசித்தால் "உனக்கு மம்மு வேணும்." வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். "அவ சரியாத்தானே சொல்றா? நீங்க எல்லாரும் அவளை 'நீ'ன்னுதானே கூப்பிடுறீங்க?" என்பார்.

அம்மா மொழியியல் படித்தவர் இல்லை. ஆனால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று சரியாகப் பிடித்துவிட்டார். நாற்காலி யார் வாயிலிருந்து வந்தாலும் நாற்காலிதான். 'நான்', 'நீ' இரண்டும் அப்படியில்லை. பேசுகிறவர் மாறினால் சொல் குறிக்கும் ஆளும் மாறிவிடுகிறார். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஒரு குழந்தையை 'நான்' என்று யாருமே கூப்பிடுவதில்லை. தன்னைக் குறிக்கிற அந்தச் சொல்லை அது கேட்பதெல்லாம் பிறர் தங்களைப் பற்றிப் பேசும்போதுதான்.

நம் வீடுகளில் இந்தச் சங்கடத்துக்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறோம். "அம்மா வந்துட்டேன்", "மாமா தூக்கட்டுமா?", "பாப்பாவுக்குப் பால் வேணுமா?" என்று பிரதிப்பெயரையே ஒதுக்கிவிட்டு உறவுப்பெயரில் பேசுகிறோம். நாற்பது வயது ஆள் தன்னைத் தானே 'மாமா' என்று சொல்லிக்கொள்கிறார் என்றால், அந்தக் கணத்தில் அவர் குழந்தை நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு தன்னைப் பார்க்கிறார் என்று பொருள். யோசித்துச் செய்வதில்லை. வாய் தானாகச் செய்கிறது.

சுட்டிக் காட்டினால் இந்தக் குழப்பம் வராது என்று தோன்றும். என் நெஞ்சைத் தொட்டால் நான், உன் பக்கம் விரலை நீட்டினால் நீ. இதைவிட வெளிப்படையாக ஒரு சொல் இருக்க முடியுமா? அமெரிக்கச் சைகை மொழியில் 'நான்', 'நீ' என்பதற்கான சைகைகள் இப்படிப்பட்ட சுட்டல்கள்தான். காது கேளாத பெற்றோரிடம் அம்மொழியைத் தாய்மொழியாகக் கற்ற குழந்தைகளை லாரா பெட்டிட்டோ என்ற ஆய்வாளர் மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1987-ல் எழுதினார். இரண்டு வயதை நெருங்கும்போது அவர்களிலும் ஒரு குழந்தை எதிரில் இருப்பவரை நோக்கி விரலை நீட்டித் தன்னைக் குறித்தது. விரல் எங்கே நீள்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் குழப்பம் வந்தது. ஆகவே இது காதில் சரியாக விழாததால் வரும் பிழை இல்லை. 'நான்' என்பது பேச்சில் ஓர் இடம். அந்த இடத்தில் ஏறி நிற்க, அது எதிராளிக்கும் உரிய இடம் என்று முதலில் பிடிபட வேண்டும்.

பள்ளி இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வரிசையாகப் படித்தோம். குழந்தையின் மனம் வளரும் வரிசை வேறு என்பதுதான் கடந்த நூறு ஆண்டு ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குப் படுவது. முதலில் யாரோ நம்மை 'நீ' என்கிறார். அந்த 'நீ'யிலிருந்துதான் 'நான்' முளைக்கிறது.

இதைத் துணிந்து சொன்னவர்களில் முக்கியமானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட். எழுதுவதைவிட வகுப்பில் பேசுவதையே விரும்பியவர் போலிருக்கிறது. 'மனம், தன்னிலை, சமூகம்' என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் 1934-ல் வந்தது. அவர் 1931-லேயே இறந்துவிட்டார். மாணவர்கள் எடுத்த குறிப்புகளைச் சேர்த்துத் தொகுத்த புத்தகம் அது. மனத்தின் இயல்பே சமூகத்தன்மை என்று வாதிட்டவரின் நூல், அவர் சொன்னதைக் கேட்டவர்களின் கையெழுத்தில் இருந்து வந்திருக்கிறது. மற்றவர் கண்ணால் தன்னைப் பார்க்கக் கற்கும்போதுதான் ஒருவருக்குத் தான் என்று ஒன்று உண்டாகிறது என்றார் மீட். சட்டி பானை வைத்து அம்மாவாக விளையாடும் குழந்தை ஒரே ஒருவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பேஸ்பால் ஆடும் சிறுவனோ, களத்தில் இருக்கும் அத்தனை பேரும் அடுத்து என்ன செய்வார்கள் என்பதை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கபடியை எடுத்துக்கொள்ளலாம். பாடிப் போகிறவன் மனத்தில் எதிரணி ஏழு பேரும் இருக்கிறார்கள்.

மீட் காலத்தில் இவையெல்லாம் வாதங்களாகத்தான் இருந்தன. ஆய்வுக்கூடச் சான்று பின்னால் வந்தது, அதுவும் யாரும் எதிர்பாராத வயதிலிருந்து. எடின்பரோவில் லின் மரே, கால்வின் டிரிவார்தன் இருவரும் இரண்டு மாதக் குழந்தைகளை ஓர் அறையிலும் தாய்மார்களை வேறு அறையிலும் உட்கார வைத்தார்கள். நடுவே கேமராவும் தொலைக்காட்சித் திரையும். இன்றைய வீடியோ கால் போலத்தான். நேரலையில் இருவரும் கொஞ்சிக்கொண்டார்கள். பிறகு சற்றுமுன் எடுத்த அதே தாயின் படத்தை, குழந்தைக்குத் தெரியாமல் மறுபடி ஓடவிட்டார்கள். அதே முகம், அதே சிரிப்பு, அதே கொஞ்சல். ஆனால் குழந்தை முகம் வாடியது, பார்வையைத் திருப்பியது. அம்மா இருக்கிறாள், தனக்குப் பதில் சொல்லவில்லை. 1985-ல் வெளிவந்த இந்தச் சோதனையைப் பின்னால் திரும்பச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஐயத்துக்கு இடம் தராத சோதனை எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த 'அசையா முகம்'. தாய் வழக்கம்போலக் குழந்தையோடு விளையாடுவாள். பிறகு ஓரிரண்டு நிமிடம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு குழந்தையை வெறுமனே பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். பலிக்காது. குரல் கொடுக்கும், கையை ஆட்டும், தன் கைவசம் உள்ள வித்தை அத்தனையையும் எடுத்துவிடும். எதுவும் எடுபடாமல் போனால் தோள் தொங்கி வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். பல நாடுகளில் பலமுறை செய்து பார்த்துவிட்டார்கள், ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. இந்தச் சோதனையின் காணொளியைப் பார்ப்பது எளிதல்ல. இரண்டு நிமிடம்தான் என்று தெரிந்தும் எழுந்து போய்விடத் தோன்றும்.

டிரானிக்கின் இன்னொரு கண்டுபிடிப்பு இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நன்றாக ஒத்துப்போகும் தாய் சேய்கூட, விளையாட்டின் மொத்த நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் ஒரே தாளத்தில் இருக்கிறார்கள். மிச்ச நேரமெல்லாம் தாளம் தப்புகிறது. அம்மா சிரிக்கும்போது குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டிருக்கும். குழந்தை அழைக்கும்போது அம்மாவின் கண் அடுப்பில் பாலில் இருக்கும். தப்பிய தாளம் திரும்பப் பிடிபடுகிறது, மறுபடி தப்புகிறது. தான் ஏதாவது செய்தால் எதிரில் இருப்பவர் மாறுவார் என்று குழந்தைக்கு இந்தத் தப்பல்களில்தான் தெரியவருகிறது. எல்லாம் சரியாகவே நடந்தால் 'நான் செய்தேன்' என்று உணர வாய்ப்பே இருக்காது.

இதுவரை இரண்டு பேர்தான். ஒன்பது மாத வாக்கில் மூன்றாவதாக உலகம் உள்ளே வருகிறது. குழந்தை விரலால் சுட்டத் தொடங்குகிறது.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதற்கு ஓர் எளிய விளக்கம் தந்தார். எட்டாத பொம்மைக்குக் குழந்தை கையை நீட்டுகிறது. அது சைகை இல்லை, தோற்றுப்போன முயற்சி. அம்மா ஓடி வந்து பொம்மையை எடுத்துத் தருகிறாள். கையசைவுக்கு 'அதைக் கொடு' என்ற பொருளை முதலில் கொடுத்தவள் அவள்தான். தன் கைக்கு அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று குழந்தைக்குக் கடைசியாகத்தான் தெரிகிறது. அழகான விளக்கம்தான், ஆனால் பாதி விளக்கம். எல்லாச் சுட்டலும் 'கொடு' என்பதற்காக இல்லையே! லைப்சிக் நகரில் உல்ஃப் லிஸ்கோவ்ஸ்கியும் மைக்கேல் டொமாசெல்லோவும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 12 மாதக் குழந்தைகளுக்கு முன் திரைக்குப் பின்னாலிருந்து பொம்மைகள் தலைகாட்டின. குழந்தை சுட்டிக் காட்டியபோது பெரியவர் பொம்மையை மட்டும் பார்த்தால் குழந்தைக்குத் திருப்தி இல்லை. குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துக் கொஞ்சினாலும் இல்லை. பொம்மையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்து "அட!" என்றால்தான் நிறைவு. சேர்ந்து பார்ப்பதே அதற்கு வேண்டியது. காட்டில் வாழும் சிம்பன்சிகளிடம் இப்படிச் சுட்டிக் காட்டுவது ஏறக்குறைய காணப்படுவதே இல்லை. மனிதரோடு வளர்பவை சுட்டும், பெரும்பாலும் தீனிக்காக.

இதைப் படித்தபோது பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம் நினைவுக்கு வந்தது. குழந்தையோடு விளையாட வரச் சொல்லி நிலாவை அழைக்கும் பகுதி அது. இடுப்பில் குழந்தை, வானத்தில் நிலா, நடுவே ஒரு விரல். நிலாவை யாராலும் எடுத்துக் கொடுக்க முடியாது என்பதுதான் அந்த விளையாட்டின் உயிர். நம் பாட்டிகள் மொட்டைமாடியில் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

சரி, கண்ணாடிக்கு வருவோம். தன்னுணர்வு என்றாலே எல்லோரும் கண்ணாடிச் சோதனையைத்தான் சொல்வார்கள். அதைக் கண்டுபிடித்த கார்டன் கேலப்புக்கு அந்த யோசனை சவரம் செய்துகொண்டிருந்தபோது வந்ததாம். நான்கு சிம்பன்சிகளின் கூண்டுக்கு எதிரே பத்து நாள் கண்ணாடி வைத்தார். முதலில் ஏதோ வேறொரு குரங்கு என்று மிரட்டின. சில நாளில் பல்லிடுக்கைக் குடையவும் தங்கள் கண்ணுக்குத் தெரியாத உடல் பகுதிகளைப் பார்க்கவும் கண்ணாடியைப் பயன்படுத்தத் தொடங்கின. பிறகு மயக்க மருந்து கொடுத்து, புருவத்திலும் காதிலும் மணமில்லாத சிவப்புச் சாயத்தைப் பூசினார். விழித்துக் கண்ணாடியைப் பார்த்ததும் அவை தொட்டது தங்கள் முகத்தை. 1970-ல் வெளியான இந்த ஆய்வு பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. மனிதக் குழந்தைகளின் மூக்கில் சிவப்புப் பூசிப் பார்த்த பியூலா ஆம்ஸ்டர்டாமின் ஆய்வு 1972-ல் வந்தது. 18 முதல் 24 மாத வாக்கில்தான் குழந்தைகள் தங்கள் மூக்கைத் தொட்டன.

பாடப்புத்தகங்களில் அதிகம் ஏறாதது கேலப் அடுத்துச் செய்தது. பிறந்ததிலிருந்து தன் இனத்தோடு பழக விடாமல் தனியே வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளுக்கு அதே கண்ணாடியைக் காட்டினார்கள். அவற்றால் தங்களை அடையாளம் காண முடியவில்லை. எண்ணிக்கை குறைவு. தனிமை வேறு பலவற்றையும் கெடுத்திருக்கும். அதனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் இந்த முடிவைக் கண்டதும் கேலப்புக்கு நினைவு வந்தவர்கள் மீட்டும், 1902-லேயே 'கண்ணாடியில் தெரியும் தான்' என்ற உவமையைப் பயன்படுத்திய சமூகவியலாளர் சார்லஸ் கூலியும்தான். மற்றவர் முகமே முதல் கண்ணாடி. அது வாய்க்காதவனுக்குச் சுவரில் மாட்டிய கண்ணாடியால் பயனில்லை.

கண்ணாடிச் சோதனையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. கென்யாவில் 82 குழந்தைகளிடம் இதைச் செய்தபோது இரண்டே இரண்டு பேர்தான் 'தேர்ச்சி' பெற்றார்கள் என்று 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த 82 பேரில் ஆறு வயதை நெருங்கியவர்களும் இருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தான் யார் என்று தெரியாதா என்ன? பெரும்பாலோர் கண்ணாடி முன்னால் உறைந்துபோய் நின்றார்கள். யாரோ ஒரு பெரியவர் நெற்றியில் ஏதோ ஒட்டியிருக்கிறார், அதை எடுக்கலாமா கூடாதா என்று தயங்கியிருக்கலாம் என்பதும் ஒரு விளக்கம். 'தான்' என்பதைக் காட்டிக்கொள்ளும் விதமே ஊருக்கு ஊர் மாறுகிறது என்றால், அந்தத் தயக்கமும் ஒருவகைத் தன்னுணர்வுதான். தன்னைப் பிறர் பார்க்கிறார்கள் என்று அறிந்தவர்தானே தயங்க முடியும்?

மனிதக் குழந்தைகளைத் தனியே வளர்த்துப் பார்க்க எந்த ஆய்வாளருக்கும் உரிமை கிடையாது. அந்தக் கொடுமையை ஓர் அரசு செய்துவைத்தது. ருமேனியாவில் ஆட்சியாளர் சௌசெஸ்கு 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தைகள் அரசு விடுதிகளில் குவிந்தன. 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த விடுதிகளின் நிலை உலகுக்குத் தெரிந்தது. சோறு இருந்தது, கூரை இருந்தது, முகம் இல்லை. பின்னர் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். வீடுகளுக்குப் போனவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் அந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

இனி வைகாட்ஸ்கியிடம் திரும்ப வேண்டும். அவரும் சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜேயும் ஒரே ஆண்டில், 1896-ல் பிறந்தவர்கள். சின்னக் குழந்தைகள் விளையாடும்போது தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்வதை இருவரும் கவனித்தார்கள். பியாஜே அதை முதிராத மனத்தின் அடையாளமாகப் பார்த்தார். குழந்தைக்கு எதிராளியின் நோக்கு புரியவில்லை, வளர வளரச் சமூகப் பழக்கம் வந்து அந்தப் பேச்சு உதிர்ந்துவிடும் என்றார். வைகாட்ஸ்கி அதைத் தலைகீழாகத் திருப்பினார். பேச்சு முதலில் இரண்டு பேருக்கு இடையே இருந்தது, இப்போது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நாம் 'சிந்தனை' என்று சொல்வது அந்த உரையாடலின் மிச்சம்.

வாதத்தோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார். குழந்தையைக் காது கேளாத பிள்ளைகளுக்கு நடுவிலோ வேற்றுமொழி பேசும் பிள்ளைகளுக்கு நடுவிலோ விட்டார். தனக்குத் தானே பேசுவதுதானே, யார் பக்கத்தில் இருந்தால் என்ன? ஆனால் அந்தப் பேச்சு சட்டென்று குறைந்தது. புரிந்துகொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை போனதும் தனிப்பேச்சும் போய்விட்டது. வேலையைக் கடினமாக்கினால் அது ஏறக்குறைய இருமடங்கானது. அவர் விவரிக்கும் ஒரு சிறுவன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தான். சக்கரத்தை வரையும்போது பென்சில் முனை முறிந்தது. 'உடைஞ்சுபோச்சு' என்று முணுமுணுத்துக்கொண்டான். பிறகு வண்ணத்தை எடுத்தவன், விபத்தில் உடைந்த டிராம் ஒன்றை வரைந்தான். வாயிலிருந்து தப்பி விழுந்த ஒரு சொல், அடுத்த நிமிடம் திட்டமாகிவிட்டது.

வைகாட்ஸ்கி 1934-ல் காசநோயால் இறந்தார், 37 வயது. இதையெல்லாம் சொன்ன அவர் நூல் சோவியத் நாட்டில் இருபது ஆண்டு காலம் முடங்கிக் கிடந்தது. ஆங்கிலத்தில் 1962-ல் வந்தபோதுதான் பியாஜே தன் பதிலை எழுதினார். பல இடங்களில் ஒத்துக்கொண்டார். பதிலைக் கேட்க ஆள் இல்லை.

இத்தனையும் குழந்தைகளைப் பற்றியது. வளர்ந்தவர்களின் மனமும் பேச்சில்தான் தொடர்ந்து உருவாகிறதா? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் நிகராகுவாவிலிருந்து வருகிறது.

1970கள் வரை அந்த நாட்டில் காது கேளாதவர்களுக்கென்று ஒரு சமூகமே இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் அடைந்து, குடும்பத்தாரோடு சில வீட்டுச் சைகைகளை வைத்துக் காலம் தள்ளினார்கள். 1977-ல் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1979 புரட்சிக்குப் பின் தொழிற்பள்ளி ஒன்றும் வந்தது. ஆசிரியர்கள் கற்பிக்க முயன்றது உதட்டசைவைப் படிக்கவும் ஸ்பானிஷ் பேசவும். அது பெரிதாக எடுபடவில்லை. ஆனால் பள்ளிப் பேருந்திலும் மைதானத்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் சைகைகளைக் கலந்து ஒரு புதிய மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். அடுத்து வந்த சிறுவர்கள் அதற்கு இலக்கணம் ஏற்றினார்கள். ஒரு மொழி பிறப்பதை மொழியியலாளர்கள் நேரில் பார்த்த அரிய நிகழ்ச்சி அது.

நமக்கு வேண்டியது அதற்கு அப்புறம் நடந்தது. முதல் தலைமுறையினர் வளர்ந்து வேலை பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மொழியில் 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' போன்ற சொற்கள் சொற்பம். ஜென்னி பையர்ஸ், ஆன் செங்காஸ் இருவரும் அவர்களுக்கு ஒரு படக்கதையைக் காட்டினார்கள். அண்ணன் பொம்மையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போகிறான். தம்பி அதை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுகிறான். அண்ணன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? நான்கைந்து வயதுக் குழந்தைகள் பொதுவாகச் சரியாகச் சொல்லிவிடும் கேள்வி. இரண்டாம் தலைமுறை இளைஞர்கள் சரியாகச் சொன்னார்கள். முதல் தலைமுறைப் பெரியவர்களில் பெரும்பாலோர், பொம்மை உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினார்கள். அண்ணன் மனத்தில் இருக்கும் உலகமும் தங்களுக்குத் தெரிந்த உலகமும் வேறு வேறு என்பது அந்தப் படத்தில் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

கேளாமை இதற்குக் காரணம் இல்லை. சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த கேளாத குழந்தைகள் இதே கேள்விக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே பதில் சொல்கிறார்கள். கேட்கும் திறனுள்ள, ஆனால் சைகை தெரியாத பெற்றோருக்குப் பிறந்த கேளாத பிள்ளைகள்தான் பின்தங்குகிறார்கள். அங்கே குறைவது வீட்டுப் பேச்சு.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பெரியவர்களை மறுபடி சோதித்தார்கள். இப்போது பலர் சரியாகச் சொன்னார்கள். 'தெரியும்', 'நினைக்கிறான்' என்ற சைகைகளும் அவர்கள் கையில் ஏறியிருந்தன. இடையில் அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை. இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து கேளாதோர் சங்கத்துக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். மூத்தவர்களும் இளையவர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான். சங்கத்தில் என்ன பேசியிருப்பார்கள்? யார் யாரிடம் என்ன சொன்னார், அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார், இவருக்கு அது ஏன் தெரியாமல் போனது என்று, நாம் டீக்கடையில் பேசுவதைத்தான் பேசியிருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன். வம்பு என்று நாம் மட்டமாகச் சொல்லும் பேச்சு.

தங்கை மகளுக்கு இப்போது நான்கு வயது. 'நான்', 'நீ' இரண்டிலும் தடுமாற்றம் போய்விட்டது. போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "நாங்க ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோம்" என்றாள்.

"நாமளா, நாங்களா?" என்று கேட்டேன்.

அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள். பிறகு நிதானமாக, "நாங்க" என்றாள்.